மடக்கு மண்வெட்டியின் இன்னொரு வேலை

ஊமைச்சியைத் தூர்வாரும் நாளன்று ஆண்களை எப்படி வேண்டுமானாலும் கேலி செய்யலாம். நாஸ்காப் பள்ளத்தாக்கில் பெண்களுக்கு இருக்கிற உரிமை அது. வருஷம் பூராவும் மனசுக்குள் விழுங்கிக்கொண்டதை அந்த ஒரு காலையில் சொல்லித் தீர்த்துவிடலாம். கேட்கிறவன் முகம் சுளிக்கக் கூடாது.

டெல்ஃபினா அந்த வருஷம் தன் கேலியை வெகுநாளாகத் தயார் செய்து வைத்திருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போதும், காய்ந்த அவரையை உரிக்கும்போதும் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே குரலை உயர்த்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். இப்படி மாதக்கணக்கில் ஊறப்போட்டது கேலிதானா என்று மட்டும் அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊமைச்சி, பூமிக்கு அடியில் ஓடும் வாய்க்கால். மலையடியில் எங்கோ ஊறி, கூழாங்கல் அடுக்கிய சுரங்கத்துக்குள் சத்தமே இல்லாமல் வந்து அவர்களுடைய வயல்களில் தலைகாட்டுவதால் அந்தப் பெயர். வழிநெடுக, சங்கின் உட்புறம்போலச் சுற்றிச் சுற்றி இறங்கும் பெரிய குழிகள் இருந்தன. அவற்றைக் கண் என்பார்கள். ஆண்கள் கண் வழியாக இறங்கி, ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் இடையில் தவழ்ந்து, மணலையும் வேரையும் வாரி வெளியே தள்ளுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கியே ஆக வேண்டும். பெண்கள் மேலே சமைப்பார்கள். பெண் உள்ளே கால் வைத்தால் தண்ணீர் கூசிக்கொண்டு மலைக்கே திரும்பிப் போய்விடும்.

கேலிக்கும் ஒரு முறை உண்டு. கண்ணின் விளிம்பில் நின்றுகொண்டு பெண் சொல்வாள். இறங்குகிறவன் முதல் படியில் கால் வைப்பதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். பதில் வராதவனுக்குத் தொண்டை. மேல்கண்ணுக்கும் பெரிய கண்ணுக்கும் நடுவில் சுரங்கம் ஒடுங்கிப்போயிருந்த இடத்தை அப்படிச் சொன்னார்கள். அங்கே தவழக்கூட முடியாது. பாம்புபோல நெளிந்துதான் போக வேண்டும்.

அவள் புருஷன் அப்தோனுக்கு இதுவரை பதில் வராமல் போனதில்லை. ஊரிலேயே வாயாடி அவன்தான். நாஸ்காவுக்கும் ஈக்காவுக்கும் இடையே வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவன் பேச்சைக் கேட்பதற்காகவே முன்சீட்டுக்குச் சண்டை போட்டவர்கள் உண்டு. முதலாளி வேனை விற்றுவிட்டதிலிருந்து அவன் வாசல் வன்னிமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். மடியில் எப்போதும் அந்த மடக்கு மண்வெட்டி.

இளவயதில் வடக்கு எல்லைக் காட்டில் பட்டாளத்தில் இருந்தபோது கொடுத்தது அது. துப்பாக்கி, பூட்ஸ், கொசுவலை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தவன், இதை மட்டும் ஆற்றில் போய்விட்டது என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். மடக்கினால் ஒரு சட்டிக்குள் அடங்கும். கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருகி நிமிர்த்தினால் மண்ணை வாரும், பாதி மடக்கி இறுக்கினால் வெட்டும். தகட்டின் ஒரு ஓரம் கத்தி, மறு ஓரம் ரம்பப் பல். அவன் அதில் கள்ளிமடல் சீவுவான், ஆணி அடிப்பான், தேள் கொல்வான், பீர் மூடி திறப்பான். வேனை ஓட்டின காலத்தில் மணலில் புதைந்த சக்கரத்தை அதை வைத்தே எத்தனையோ தடவை மீட்டிருக்கிறான். ஒரு தடவை, விருந்தாளிகளுக்கு முன்னால், அதைக் கழுவி நெருப்பில் வைத்து முட்டை பொரித்துக் காட்டினான். "பன்னெண்டு வேலை செய்யும்" என்று ஒருவரிடம் சொல்வான். அடுத்தவரிடம் அது பதினைந்தாகும். கேட்கிறவர் வாய் பிளந்தால் இருபதுக்குப் போகும்.

அதையெல்லாம் கேட்டபடி டெல்ஃபினா உள்ளே வேலை செய்துகொண்டிருப்பாள். வயலுக்குத் தண்ணீர் கட்டுவது, கோழி, அடுப்பு, சந்தை, அவன் சட்டைக்குப் பொத்தான். தன்னையும் ஒருநாள் யாரிடமாவது இப்படி எண்ணிச் சொல்வானா என்று ஒரு நினைப்பு வரும். உடனே, ஒரு இரும்புத் துண்டின் மேலா பொறாமைப்படுகிறோம் என்று வெட்கமாக இருக்கும். வெட்கம் போன பிறகும் பொறாமை போகாது.

அன்று காலை அப்தோன் மேல்கண்ணின் விளிம்புக்கு வந்தபோது அவன் வயிறு அவனுக்கு முன்னால் வந்தது. தோளில் மண்வெட்டி. பெண்கள் ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவன் தங்கை நிக்கொலாசா டெல்ஃபினாவின் விலாவில் இடித்தாள்.

"சொல்லு அண்ணி, எங்கண்ணன்னு பாவம் பாக்காத."

டெல்ஃபினா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏய்யா அப்தோன்! அந்த மண்வெட்டிக்கு இருபது வேலை தெரியும்னு ஊரெல்லாம் சொல்றியே. அதைப் பிடிச்சிருக்கிற ஆளுக்கு..." நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். "ஒரு வேலையாவது தெரியுமா? பாத்து இறங்குய்யா. நீ உள்ள போனா தூர் வார்ற மாதிரியா இருக்கும்? நீயேதான் அடைப்பு!"

சிரிப்பு கிளம்பிச் சுற்றியிருந்த மணல்மேட்டில் மோதித் திரும்பியது. நிக்கொலாசா உட்கார்ந்தேவிட்டாள். தண்ணீர் முறை பார்க்கும் கிழவர் லிபோரியோ ஐயாகூட ஓலைத்தொப்பியை முகத்தில் வைத்து மறைத்துக்கொண்டார். எல்லோரும் அப்தோனின் வாயைப் பார்த்தார்கள்.

அவன் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அவன் டெல்ஃபினாவைப் பார்த்தான். கூட்டத்தில் கேலி செய்தவளைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. வீட்டுக்குள், கதவு சாத்தியிருக்கும்போது பார்க்கிற பார்வை. பிறகு மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, அவள் காலடியில் வைத்தான்.

"நீயே வெச்சுக்க" என்றான். படியில் கால் வைத்தான்.

"தொண்டை! தொண்டை!" என்று பெண்கள் கத்தினார்கள். பக்கத்தில் நின்றவனிடம் பிடி அறுத்த ஒரு சாதாரண மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அவன் இறங்கிப் போனான். அவன் வாரித் தள்ளுவதைப் பின்னால் இழுத்துப் போட லவுரோ என்கிற ஒல்லி ஆள் கூடவே இறங்கினான். மற்ற ஆண்கள் மேலே இருக்கிற கண்களைப் பார்த்து நடந்தார்கள்.

சமையல் பெரிய கண்ணுக்குப் பக்கத்தில். கராபுல்க்ரா குழம்புக்கு உலர்ந்த உருளைக்கிழங்கு ஊறிக்கொண்டிருந்தது. டெல்ஃபினா மிளகாய் விழுதை வதக்கினாள். கேலி ஜெயித்த சந்தோஷம் உடம்பெல்லாம் ஓடியது, புதுத் திராட்சைக் கள்ளான கச்சீனா குடித்த முதல் வாய் மாதிரி. அது ஓடி முடிந்ததும் வாயில் புளிப்பு நின்றது. அவன் ஏன் பதில் சொல்லவில்லை? ஒரு அசட்டுப் பதில் போதுமே. 'நான் அடைப்புன்னா நீ மூடி' என்றிருந்தால் ஊரே கைதட்டியிருக்கும். அவளுக்கே அந்தப் பதில் அங்கேயே தோன்றியது. அவனுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

"நெருப்பைத் தள்ள ஏதாவது குடு" என்றாள் நிக்கொலாசா.

மேல்கண்ணிலிருந்து தூக்கி வந்து காலடியில் போட்டிருந்த மண்வெட்டியை டெல்ஃபினா எடுத்து நீட்டினாள். "இந்தா. இருபத்தொண்ணாவது வேலை."

அவள் எதிர்பார்த்த அளவுக்கு நிக்கொலாசா சிரிக்கவில்லை. "எங்கண்ணன் முகம் நல்லாவே இல்ல அண்ணி" என்றாள் தணலைத் தள்ளிக்கொண்டே. "வேன் போனதிலேர்ந்து ராத்திரியெல்லாம் தூங்குறதில்லையாமே?"

"யார் சொன்னது?"

"அண்ணன்தான் எங்கிட்ட சொல்லுச்சு. உங்கிட்ட சொல்லலையா?"

டெல்ஃபினா மிளகாயைக் கிளறினாள். பக்கத்தில் படுத்திருக்கிறவன் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், தூங்குகிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். கேட்டால் சொல்வான், சொன்னால் தாங்க வேண்டும். ஏற்கெனவே தாங்குவது போதாதா என்று இருந்தது.

சோறு வைக்கத் தண்ணீர் வேண்டும். பெண்கள் இறங்கக் கூடாது என்பதால், பெரிய கண்ணுக்கு மேலிருந்து வாளியைக் கயிற்றில் விட்டுத்தான் எடுப்பார்கள். டெல்ஃபினா வாளியை விட்டாள். தளும்பும் என்று கையை ஆட்டினாள். கீழே தகரம் கல்லில் உரசிக் கர்ரென்றது. எட்டிப் பார்த்தாள். ஊமைச்சியின் தரை, ஈரம் மினுங்க, காலியாகக் கிடந்தது.

வாளியைக் கையிலிருந்து விட்டுவிட்டாள். தண்ணீர் எங்கே நின்றுபோனது என்று அவளுக்குப் புரிவதற்கும் மேல்கண் பக்கமிருந்து லவுரோவின் அலறல் வருவதற்கும் சரியாக இருந்தது.

"கூரை விழுந்துடுச்சு! அப்தோன் மாட்டிக்கிட்டான்!"

லவுரோ தொப்பலாக நனைந்து ஓடி வந்தான். தொண்டையின் பாதியில், கூரைக்குக் கொடுத்திருந்த பழைய வன்னிக்கட்டை உடைந்து, அப்தோனுடைய தலைக்கு முன்னால் மணல் சரிந்துவிட்டது. முன்னால் போக வழியில்லை. பின்னால் வர வயிறு விடவில்லை. இரண்டு பக்கக் கல்லுக்கும் நடுவே ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிட்டான். "காலைப் பிடிச்சு இழுத்தேன், அசையல. தண்ணி போக வழியில்லாம அவனுக்குப் பின்னாடி தேங்குது. ஏறிக்கிட்டே இருக்கு. எனக்கே மூக்குக்கு வந்ததும்தான் வெளிய வந்தேன்."

"பேசுறானா?"

"பேசுறான். தலைகிட்ட கொஞ்சம் காத்து இருக்கு. தண்ணி தோள் பக்கமா கசிஞ்சு வருதுன்னு சொன்னான்."

நீயேதான் அடைப்பு. தன் குரலே டெல்ஃபினாவின் காதில் கேட்டது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி.

லிபோரியோ ஐயா ஊதலை ஊதினார். மற்ற ஆண்கள் மேட்டுக் கண்களில் இருந்தார்கள். ஊதல் கேட்டு வந்து சேர நேரமாகும். பக்கத்தில் இருந்த ஒருவன் பெரிய கண் வழியாக இறங்கி உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"தொண்டை வாசலுக்கு மேல என் தோள் போகல. கைய நீட்டி மண்வெட்டி போட்டா பிடி இடிக்குது ஐயா. கையால வாரினா வார வாரச் சரியுது."

"லவுரோ, நீ போடா."

லவுரோ எழுந்தான். குளிரில் விரைத்துப்போன விரல்களை நீட்டிக் காட்டினான்; எதையும் பிடிக்க அவை மடங்கவில்லை.

அடுத்து யார் என்று ஐயா சுற்றிப் பார்த்தபோது, டெல்ஃபினா அடுப்படியில் இருந்தாள். நிக்கொலாசாவின் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். தகடு தணலில் பழுத்திருந்தது. ஊறிய கிழங்குச் சட்டிக்குள் முக்கினாள். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. வளையத்தைத் திருகிப் பாதி மடக்கி இறுக்கினாள். அவன் செய்வதை எத்தனையோ வருஷமாக, அலட்சியமாகப் பார்த்திருந்தாள். கை பார்த்து வைத்திருந்தது.

"டெல்ஃபினா, நீ இறங்கக் கூடாதும்மா!" என்றார் லிபோரியோ ஐயா. "தண்ணி போயிடும்!"

"இப்ப மட்டும் எங்க இருக்கு ஐயா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் இரண்டு சுற்று இறங்கியிருந்தாள்.

சுரங்கத்துக்குள் குளிர். நெற்றியில், வரும் வழியில் லவுரோவிடமிருந்து பறித்த விளக்கு. முதலில் குனிந்து, பிறகு தவழ்ந்து, பிறகு வயிற்றில் படுத்துப் போனாள். இருட்டான, அடைசலான இடங்கள் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. காரணமில்லாத பயம், அலமாரிக்குள் கை விடக்கூடத் தயங்குவாள். அந்தப் பயம் இப்போதும் வந்தது. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்ததால் அதற்கு இடமில்லை.

மணல் மேடு கூரைவரை நின்றது. மண்வெட்டியின் தகட்டால் பக்கக் கல்லில் தட்டினாள்.

"அப்தோன்!"

மறுபடி தட்டினாள்.

"யாரு?" மணலுக்கு அப்பாலிருந்து, தலையணைக்குள் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"நான்தான்யா."

"நீ ஏன் உள்ள வந்த? தண்ணி போயிடும்."

"போனா போகட்டும். தண்ணி எங்க வருது இப்போ?"

"தாடைக்கு."

அவள் வெட்டினாள். நீண்ட பிடி உள்ள எதுவும் அங்கே உதவாது. இது அவள் முழங்கை நீளம்தான். கையை மடக்கியபடியே தகட்டை மணலின் தலையில் போட்டு நெஞ்சை நோக்கி இழுக்கலாம். இழுத்ததை முழங்கையால் இடுப்புப் பக்கம் தள்ளினாள், இடுப்பால் காலுக்கு, காலால் பின்னால். போட்டு இழுத்தாள், போட்டு இழுத்தாள். ஒரு வன்னிவேர் குறுக்கே கயிறுபோல வந்தது. ரம்ப ஓரத்தை வைத்து அறுத்தாள். உடைந்த கட்டையின் முனை தட்டுப்பட்டது. வளையத்தைத் திருகி, தகட்டை நிமிர்த்தி, அடியில் கொடுத்து நெம்பினாள். கட்டை உருண்டு ஓரத்தில் ஒதுங்கியது.

அது ஒதுங்கியதும் மேலிருந்து மணல் அவள் கழுத்தில் கொட்டியது. கட்டை தாங்கியிருந்த பலகைக்கல் ஒரு பக்கம் தொங்கியது. இன்னும் கொஞ்சம் வெட்டினால் அது இறங்கும். அவள் மேல் இறங்காது. அவனுடைய தலை இருக்க வேண்டிய இடத்தில் இறங்கும்.

வேறு வழி எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. மண்வெட்டியைத் தரையில் ஊன்றி, தகட்டைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, முட்டுக்கட்டையாக நிறுத்தி, உள்ளங்கையால் அடித்து இறுக்கினாள். அளவெடுத்தது மாதிரி நின்றது. கல் தொங்குவதை நிறுத்தியது.

இனிக் கைதான். இரண்டு கையாலும் நாய் பறிக்கிற மாதிரிப் பறித்தாள். நகத்துக்குள் மணல் ஏறி எரிந்தது. விரல் சட்டென்று ஒரு வெற்றிடத்துக்குள் போனது. ஈரமான, சூடான எதுவோ பட்டது. மூக்கு.

"ஏ பிள்ள, கண்ணைக் குத்திடாத" என்றது குரல், இப்போது மிகத் தெளிவாக.

துவாரத்தைப் பெரிதாக்கினாள். வெளிச்சத்தில் முகம் தெரிந்தது. உதடு நீலம்பாரித்து, மீசையெல்லாம் மணல். தண்ணீர் வாயோரத்தில் நின்றது. அவன் முகவாயைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"டெல்ஃபி."

"பேசாத. கையக் குடு."

"பதில் கண்டுபிடிச்சிட்டேன்."

"என்ன பதில்?"

"காலைல நீ கேட்டதுக்கு." பல் கிடுகிடுத்தது. "அந்த மண்வெட்டிக்கு இன்னொரு வேலையும் தெரியும். பொண்டாட்டியக் கூட்டிட்டு வரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க இடமில்லாததால் அது நெஞ்சிலேயே உடைந்து வேறு எதுவோ ஆனது. "படிக்கட்டுலயே சொல்லியிருக்க வேண்டியதுதானே, மடையா!" என்று கத்தினாள். அவன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். "மூச்ச வெளிய விடு. பூரா விடு. வயித்த உள்ள இழு."

"உள்ள இழுக்கிற வயிறா இது?"

"இழுய்யா!"

அவன் மூச்சை விட்டான். அவள் காலைக் கல்லில் உதைத்து இழுத்தாள். பின்னால் தேங்கி நின்ற தண்ணீர் அவன் முதுகைத் தள்ளியது. ஏதோ வழுக்கியது. அடுத்த நொடி ஊமைச்சி வாய் திறந்தாள். சுரங்கம் முழுவதும் கடகடவென்று ஒரு சத்தம். இருளும் மணலும் தண்ணீரும் அப்தோனும் ஒன்றாக அவள் மேல் வந்து விழுந்து, அவளைப் பின்புறமாகத் தள்ளிக்கொண்டு, தொண்டைக்கு வெளியே அகலமான இடத்தில் கொண்டுபோய்ப் போட்டன. விளக்கு எங்கோ போய்விட்டது. இருமுகிற சத்தம் கேட்டது. இருமுகிறவன் உயிரோடு இருக்கிறான் என்று அவள் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

மேலே ஏறி வந்ததும் நிக்கொலாசா அண்ணனை நெஞ்சில் குத்தினாள், கட்டிக்கொண்டாள், மறுபடி குத்தினாள். யாரோ போர்வை கொண்டுவந்தார்கள். யாரோ பீஸ்கோ சாராயம் கொடுத்தார்கள். ஆனால் அதெல்லாம் அடங்கியதும் எல்லோரும் ஓசையில்லாமல் பெரிய கண்ணின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள். பெண் உள்ளே போய்விட்டாள். இனி என்ன ஆகும்?

கீழே கலங்கல் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பாக, நுரையோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரை குறைந்தது. சிவப்பு வெளுத்தது. தண்ணீர் பழைய மாதிரி, வெளியே தெரியாத ஓட்டத்தில், ஊமையாகப் போகத் தொடங்கியது. போன வருஷத்தைவிட ஒரு விரல் உயரம் அதிகம் என்று லவுரோ சத்தியம் செய்தான்.

எல்லோரும் லிபோரியோ ஐயாவைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, கச்சீனாவில் ஒரு வாய் தண்ணீருக்கு ஊற்றினார்.

"இதுல முறை தப்பினது ஒண்ணும் இல்ல" என்றார் மெதுவாக. "அப்தோன் வீட்டு மண்வெட்டி உள்ள போச்சு. மண்வெட்டின்னா பிடி இல்லாம எப்படிப் போகும்? இந்தம்மா பிடியா கூடப் போச்சு. பொண்ணு யாரும் இறங்கல."

ஊர் நிம்மதியாகச் சிரித்தது. ஐயாவைத் தவிர யாருக்கும் இப்படி ஒரு வழி தோன்றியிருக்காது என்றார்கள். டெல்ஃபினாவும் சிரித்தாள். சிரித்தபடியே, பிடி என்ற சொல் தன்னைக் கொஞ்சம் உறுத்துவதையும் கவனித்தாள். இவ்வளவு நடந்தும் உறுத்தத்தான் செய்கிறது. பயம் போன உடம்பில் பழைய கோபங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்துக்குத் திரும்பி வருவதை உணர்ந்தபோது அவளுக்கு அதுவும் ஒரு ஆறுதலாக இருந்தது. உயிரோடு இருப்பவன் மேல்தானே கோபப்பட முடியும்.

"அப்ப அடுத்த வருஷமும் பிடியே இறங்கட்டும் ஐயா" என்றாள். "அடுப்பை நீங்க பாத்துக்கங்க."

"ஏம்மா, கிழங்கு தீஞ்சு போயிடுமே!"

"இந்த வருஷம் மட்டும் என்னவாம்?" என்று நிக்கொலாசா சட்டியைத் திறந்து காட்டினாள். மண்வெட்டியை முக்கிய கிழங்கில் கரி மிதந்தது. அதையே சமைத்தார்கள். புகைவாடையோடு, தட்டு வழிக்க வழிக்கச் சாப்பிட்டார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு ஆண்கள் தொண்டைக்குப் புதுக்கட்டை கொடுத்துவிட்டு, முட்டாக நின்ற மண்வெட்டியை எடுத்து வந்தார்கள். அப்தோன் போர்வையைச் சுற்றிக்கொண்டு மணல்மேட்டு நிழலில் கிடந்தான். லவுரோ அதை டெல்ஃபினாவிடம்தான் கொடுத்தான்.

கல்லின் கனம் தாங்கி அதன் தகடு லேசாக வளைந்திருந்தது. கழுத்து வளையத்தில் மணல் இறுகியிருந்தது. அவள் திருகிப் பார்த்தாள். நகரவில்லை. சமையலுக்கு வைத்திருந்த எண்ணெயில் ஒரு சொட்டு விட்டாள். அப்தோன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் திருகிப் பார்த்தான். முகம் சிவக்கத் திருகினான்.

"இனி மடங்காது" என்றான்.

அவன் வருத்தப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு, வளைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"காலைல நீ சொன்னது கேலி இல்ல" என்றான்.

பொய் சொல்லலாம். இந்த மாதிரி ஒரு நாளில் பொய்க்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

"இல்ல" என்றாள்.

"தெரியும். அதான் பதில் வரல." வளையத்து மணலை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "ராத்திரில நீயும் தூங்குறதில்லன்னும் எனக்குத் தெரியும்" என்றான். "நல்லாத்தான் மூச்சு விடுற. ஆனா நிஜமாத் தூங்கினா நீ குறட்டை விடுவ."

"நானா? குறட்டையா?"

"வேன் மாதிரி. ரெண்டாவது கியர்ல, ஏத்தத்துல."

அவள் அவன் தோளில் அடித்தாள். கல் உரசி அந்த இடம் கன்றியிருந்தது; அவன் "ஆ" என்றான். அவள் அடித்த கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள். இத்தனை மாதமாக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒருவருக்காக ஒருவர் தூங்குவதாக நடித்திருக்கிறார்கள். இப்போது நினைத்தால் அது ஒரு வீண்வேலையாக, கிட்டத்தட்ட வேடிக்கையாக இருந்தது. ஆனால் இதைச் சொல்லாமலே அவன் போயிருந்தால்? அந்தக் கேள்வியை அவள் முழுவதும் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக அவன் தோளின் சூட்டைப் பார்த்தாள். சூடு இருந்தது.

"மடங்காதத கட்டிலுக்கு அடில வைக்க முடியாதே" என்றான் அவன்.

"எதுக்கு அடில வைக்கணும்? வாசல்ல சாத்து. காலைல கைக்கு எட்டுற மாதிரி."

"யார் கைக்கு?"

"முதல்ல எழுந்திரிக்கிறவங்க கைக்கு."

அவன் அதை யோசித்தான். தலையை ஆட்டினான். பிறகு போர்வைக்குள் சாய்ந்து, மண்வெட்டியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஊர் முழுக்கச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனான். வாய் திறந்திருந்தது. குறட்டை வந்தது. நிஜமான தூக்கம். டெல்ஃபினா தட்டுகளை அள்ளுவதற்காக எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். தட்டுகள் கிடக்கட்டும் என்று தோன்றியது. கீழே ஊமைச்சி ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள். அவரைக்கு நாளைக்குத் தண்ணீர் வந்துவிடும்.